டிரெய்லருக்கு லைசென்ஸ் கேட்ட கதை

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை விதிமுறை படிப்பது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்த ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்தேன். விஞ்ஞானிகள் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பிளந்துகொண்டிருந்த வளாகத்தில், நான் பயணப்படி விதிகளின் காற்புள்ளிகளைப் பிளந்துகொண்டிருந்தேன். யாராவது விடுப்பு விண்ணப்பத்தோடு வந்தால், எந்த விதி, எந்த உட்பிரிவு என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. என் மனைவி ஒரு தடவை சொன்னாள்: "உங்களுக்குச் சாதம் போட்டாக்கூட, இது எந்த ரூல்படின்னு கேட்டுட்டுத்தான் கை வைப்பீங்க போல."

எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் உலோகங்களைச் சோதிக்கும் பிரிவில் பொறியாளர். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவர். வேலைக்கு வந்தபோதுதான் கடலை முதன்முதலாகப் பார்த்தாராம். பார்த்தவர் அதிலிருந்து மீளவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், தன் வீட்டு வாசலில் படகு கட்ட ஆரம்பித்தார். பதினான்கு அடி நீளம், ஒட்டுப்பலகை, மேலே ஃபைபர் பூச்சு, ஒரு பாய்மரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இழைப்புளிச் சத்தம் கேட்கும். ஒன்றரை வருஷத்தில் படகு முடிந்துவிட்டது. அப்போதுதான் அதைக் கடலுக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது.

அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். செங்கல்பட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில், பழைய கார் அச்சு ஒன்றை வைத்து இரண்டு சக்கர டிரெய்லர் செய்து வாங்கினார். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்து மீனவர், படகைத் தன் படகுகளின் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளச் சம்மதித்திருந்தார். மிச்சம் இருந்தது டிரெய்லரை இழுக்க ஒரு வண்டி மட்டும். எங்கள் வரிசையில் ஜீப் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேர வேலை. மெதுவா இழுத்துட்டுப் போயிரலாம். வருவீங்கல்ல?" என்று கேட்டார்.

சரி என்று சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "இழுக்கலாம். ஆனா என் லைசென்ஸ் இலகு ரக வண்டிக்குத்தான். பின்னால டிரெய்லர் மாட்டினா அது போதுமான்னு பார்க்கணும்" என்றேன்.

"பார்க்கணுமா?" என்றார் அவர். அவர் முகத்தில் ஒரு நல்ல மனிதரின் குழப்பம் தெரிந்தது. தனக்குத் தோன்றாத ஒரு முக்கியமான விஷயத்தை நான் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தார். "நல்லவேளை, உங்ககிட்ட கேட்டேன்" என்று வேறு சொன்னார்.

அடுத்த வாரம் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. கேள்வி கேட்டவன்தான் சரியில்லை.

முதல் மேஜையில் இருந்தவர் கேட்டார்: "டிரெய்லருக்கு இன்ஜின் கீதா சார்?"

"இல்லை."

"ஸ்டியரிங்?"

"இல்லை."

"அப்பறம் அதுக்கு இன்னாத்துக்கு லைசென்ஸு? நீ ஓட்டப்போறது ஜீப்புதானே? போய் ஓட்டு சார்."

அப்போதே எழுந்து பஸ் பிடித்திருக்கலாம். "எந்த விதிப்படி?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த மேஜையைக் கை காட்டினார்.

அடுத்த மேஜையில் இருந்த அம்மா என் இனத்தைச் சேர்ந்தவர். புத்தகத்தை எடுத்து, விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "டிரெய்லர்ல ஏத்தறது சரக்கு. சரக்கு ஏத்தினா டிரான்ஸ்போர்ட் வண்டி. அப்போ உங்க லைசென்ஸ்ல அதையும் தனியா எழுதி வாங்கணும்" என்றார்.

"படகு சரக்கா மேடம்?"

"பின்னே பயணியா சார்?"

இரண்டு பேருமாகக் கண்காணிப்பாளரிடம் போனோம். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, டிராக்டரோடு டிரெய்லர் ஓட்டுவதற்கென்று தனி வகை ஒன்று இருப்பதாகச் சொன்னார். "என்னுடையது ஜீப் சார்" என்றேன். "இழுக்குதில்ல? இழுத்தா டிராக்டர்னும் எடுத்துக்கலாம். எடுத்துக்காமலும் இருக்கலாம்" என்றார். வெளியே மரத்தடியில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர், நான் கேட்காமலே ஒரு யோசனை சொன்னார்: "ஹெவியே போட்டுக்கோ சார். லாரி, பஸ்ஸு, டிரெய்லரு, அல்லாம் அதுலயே அடங்கிப்பூடும். பேஜாரே இல்ல."

ஒரே காலையில் நான்கு பதில்கள். வேறு யாராக இருந்தாலும் முதல் பதிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இவ்வளவு நுட்பமான கேள்வியா இது என்று. பஸ்ஸில் திரும்பி வரும்போதே மனதுக்குள் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

சென்னையில் இருந்த மேலதிகாரிக்கு நான்கு பக்கக் கடிதம். பக்கத்து வீட்டுக்காரர் அளவுகளோடு வரைந்து கொடுத்த படகின் படம் இணைப்பு ஒன்று. என் உரிமத்தின் நகல் இணைப்பு இரண்டு. மூன்று மேஜைகளிலும் கிடைத்த பதில்களை வரிசையாக எழுதி, நடுவில் என் சொந்தக் கருத்தையும் சேர்த்தேன்: 'தற்போது என்னிடம் உள்ள உரிமம் இதற்குப் போதாது என்றே கருத இடமுள்ளது.' எழுதி முடித்து என் மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"போதாதுன்னு நீங்களே ஏன் எழுதறீங்க?" என்றாள்.

"நியாயமா இருக்கணும்ல? ரெண்டு பக்கத்தையும் சொல்லணும்."

"உங்க பக்கம் எதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்பினேன்.

எட்டு மாதம் ஆனது. படகு பக்கத்து வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு டிரெய்லர் மேல் நின்றது. அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பின்புறம் சுற்றி, சமையலறை வழியாக உள்ளே போனார்கள். அந்த வீட்டம்மா படகின் மேல் வடகம் காயப்போட்டார். மழைக்காலத்தில் ஒரு பூனை படகுக்குள் நான்கு குட்டி போட்டது. நான் வேலைக்குக் கிளம்பும்போது அந்தம்மா கேட்பார்: "சார், லெட்டர் வந்துச்சா?" முதல் இரண்டு மாதம் அக்கறையாகக் கேட்டார். பிறகு கேட்ட விதத்தை அக்கறை என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும் என்று நான் சொன்னதும், போய் ஒரே வாரத்தில் வாங்கிவந்து எழுதி ஒட்டிவிட்டார். மற்றபடி வெள்ளிக்கிழமைதோறும் சக்கரத்துக்குக் காற்று அடித்துவைப்பார்.

கடைசியில் பதில் வந்தது. இரண்டு வரி. சம்பந்தப்பட்ட உரிமம் வழங்கும் அலுவலகத்தை அணுகித் தெளிவு பெறவும் என்று இருந்தது. அதாவது, நான் கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போகவும்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதனுக்குப் புத்தி வந்திருக்கும். எனக்கு ரோஷம் வந்தது. எந்தப் பதில் சரி என்று தெரியாவிட்டால் இருப்பதில் பெரியதை வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, டிராக்டரும் டிரெய்லரும் ஓட்டும் உரிமத்துக்கு மனுப் போட்டேன். நாற்பத்திரண்டு வயதில், மேல் பொத்தான் வரை போட்ட முழுக்கைச் சட்டையோடு, டிராக்டர் பழகப் போனேன்.

பழக்கிவிட்டவர் திருப்போரூர்ப் பக்கத்துக்காரர். நிலத்தில் உழுத டிராக்டரை, மனை போடுகிற இடங்களில் மண் நிரவுவதற்கு விட்டுக்கொண்டிருந்தார். முன்னால் போவது ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. பின்னால் போவது மட்டும் வரவே இல்லை.

"சார், பின்னால போவணும்னா ஸ்டியரிங்க எதிர்ப்பக்கமா ஒடிக்கணும்" என்றார் அவர்.

"எந்தப் பக்கத்துக்கு எதிர்?"

"நீ எந்தப் பக்கம்னு நெனைக்கிறியோ அதுக்கு எதிர் சார்."

அவர் சொன்னபடி செய்வேன். பிறகு சரியாகத்தான் செய்கிறோமா என்று யோசிப்பேன். யோசித்து முடிப்பதற்குள் டிரெய்லர் மடங்கி என் முதுகுப் பக்கம் வந்து நிற்கும். நான்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நீ ரொம்ப ரோசனை பண்ணிக்கினே கீற சார். அது வண்டிக்குப் புடிக்கல."

சோதனை நாள் வந்தது. பெரிய மைதானம். நாற்பது பேர் வரிசையில். எனக்கு முன்னால் போன ஒரு விவசாயி, பீடியை வாயிலிருந்து எடுக்காமலே இரண்டு மூங்கில் கம்புக்கு நடுவில் டிரெய்லரைப் பின்னால் விட்டு நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கிப் போனார். அடுத்து நான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரிவர்ஸ் கியர் போட்டேன். டிரெய்லர் முதலில் இடது பக்கம் யோசித்தது, பிறகு வலது பக்கம் முடிவு செய்தது. இரண்டு கம்புகளையும் விட்டுவிட்டு நேராக மேஜைப் பக்கம் போனது. அங்கே உட்கார்ந்திருந்த ஆய்வாளர் எழுந்து ஓடினார். மேஜை சாய்ந்தது. அதன்மேல் இருந்த விண்ணப்பங்கள் மைதானம் முழுக்கப் பறந்தன. வரிசையில் நின்றிருந்த நாற்பது பேரும் தங்கள் தங்கள் விண்ணப்பத்தைப் பிடிக்க நாலாப் பக்கமும் ஓடினார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை. "சார், உங்களைப் பார்த்தா ஆபீஸ்ல வேலை பண்றவர் மாதிரி இருக்கு. உங்களுக்கு எதுக்கு டிராக்டர்?"

கதை முழுவதையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஜீப்பு, டிரெய்லரு, படகு, மூணையும் தராசுல வச்சாக்கூட ஒரு மினி லாரிக்குக் கிட்ட வராது. சொந்த உபயோகத்துக்குப் படகு, வாடகைக்கு விடல. இருக்கிற லைசென்ஸே போதும். போய் இழுத்துட்டுப் போங்க."

இத்தனை மாதம் நான் தேடிய பதில் அதுதான். படித்த மனிதர், பொறுப்பில் இருப்பவர், காரணத்தோடு சொல்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இதைக் கொஞ்சம் எழுத்துல குடுக்க முடியுமா சார்?" என்று கேட்டேன்.

அவர் சாய்ந்து கிடந்த மேஜையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அடுத்த ஆளை வரச் சொல்லு" என்று உதவியாளரிடம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டோம். பூனைக் குடும்பத்தை எங்கள் வீட்டுக்கு மாற்றினோம். படகைக் கயிறு போட்டுக் கட்டி, டிரெய்லரை ஜீப்பின் கொக்கியில் மாட்டினோம். நான் ஓட்ட, பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் உட்கார, இரண்டு வீட்டம்மாக்களும் சாப்பாட்டுக் கூடையோடு பின்னால். என் மடியில் கோப்பு. ஒன்பது மாதக் கடிதப் போக்குவரத்து முழுவதும் அதில் இருந்தது. ஓட்டும்போது மடியில் கோப்பு வைக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தால் அதை மட்டும் நான் படித்திருக்கவில்லை.

வண்டி அழகாகப் போனது. சவுக்குத் தோப்புகளைத் தாண்டி, மாமல்லபுரத்தையும் தாண்டிவிட்டோம். டீக்கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று படகைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டார், பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகும் பிள்ளையைப் பார்ப்பதுபோல. கடற்கரைச் சாலையில் ஒரு சோதனைச் சாவடி வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த காவலர், எங்களைப் பார்த்ததும் கையை வீசினார். போ, போ என்று.

நான் பிரேக் போட்டேன்.

"ஏன் நிறுத்தறீங்க?" என்று பின்னாலிருந்து என் மனைவி கத்தினாள். நான் அதற்குள் கோப்போடு இறங்கிவிட்டேன். "சார், ஒரு சந்தேகம். இதை நான் இந்த லைசென்ஸ்ல இழுக்கலாமா?"

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். எழுத்தில் கிடைக்காதது மனதை அரித்துக்கொண்டே இருந்தது என்று சொல்லலாம். உண்மை என்னவென்றால், அவ்வளவு பெரிய கோப்பை யாரும் பார்க்காமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

காவலர் டீயைக் கீழே வைத்தார். "இன்னா சார், நான்தான் போவச் சொன்னேனே?" என்றார். ஆனால் சந்தேகம் என்று ஒருவன் சொன்ன பிறகு அவரால் சும்மா இருக்க முடியாது. உள்ளே இருந்த உதவி ஆய்வாளரைக் கூப்பிட்டார். அவர் கோப்பை வாங்கி நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். என் கடிதத்தை அவ்வளவு கவனமாகப் படித்த ஒரே மனிதர் அவர்தான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம் சார்."

"'என்னிடம் உள்ள உரிமம் இதற்குப் போதாது'ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"'என்றே கருத இடமுள்ளது'ன்னு இருக்கு சார்."

"இடம் இருக்குல்ல? போதாதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, தெரிஞ்சும் எப்படி விட்டேன்னு என்னைக் கேப்பாங்க. டிரெய்லரைக் கழட்டி ஓரமா விடுங்க. ஜீப்பை எடுத்துட்டுப் போலாம்."

ஒன்பது மாதத்துக்கு முன்னால் என் மனைவி கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

டிரெய்லரைக் கழற்றிச் சாலையோரம் விட்டோம். பத்து மணி வெயில். கடல் அங்கிருந்து ஒரு மைல்கூட இல்லை, சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் படகின் நிழலில் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். நான் சாவடிக்கும் அவருக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து, காத்திருந்து பார்த்த குப்பத்து மீனவர் சைக்கிளில் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், காலைலேர்ந்து பாத்துகினு கீறேன். படவு இங்க நிக்குது?"

விஷயத்தைச் சொன்னோம். அவருக்கு அதில் பாதி புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். "த, இதுக்கா? இரு" என்று சைக்கிளைத் திருப்பினார். அரை மணியில் ஒரு டிராக்டர் வந்தது. ஐஸ் ஏற்றுவதற்கும் படகு இழுப்பதற்கும் குப்பத்தில் வைத்திருந்த டிராக்டர். நம்பர் எழுதும் பலகை இருந்தது, அதில் எழுத்து இல்லை. லுங்கியை மடித்துக் கட்டியிருந்த ஓட்டுநர் இறங்காமலே பின்னால் விட்டு, ஒரே தடவையில் கொக்கிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

நான் அவர் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்தேன். வாயைத் திறந்தேன். எந்த வகை உரிமம் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான்.

"வாயை மூடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஆறு வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். டிரெய்லரை மாட்டினார்கள். காவலரே வந்து கயிற்றை இழுத்துப் பார்த்து, "பாத்து, மெதுவா போ அண்ணாத்த" என்று அனுப்பிவைத்தார். டிராக்டர் போனது. வெறும் ஜீப்பில் பின்னால் போனேன்.

கரையில் எட்டுப் பேர் தோள் கொடுத்துப் படகை அலையில் தள்ளினார்கள். மீனவரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஏறினார்கள். முதல் இரண்டு அலையில் மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்த படகு, மூன்றாவதைத் தாண்டி அமைதியானது. பாய் விரிந்தது. ஒட்டுப்பலகையில் செய்தது, வாசலில் வடகம் காய்ந்தது, நிஜமாகவே காற்றில் சாய்ந்துகொண்டு போனது. அந்த வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணல் விழுந்துவிட்டது என்றார்.

திரும்பி வந்து கரையில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். "டிரான்ஸ்பர் ஆர்டர் வந்து பத்து நாளாச்சு. அடுத்த மாசக் கடைசியில போகணும்."

"எங்கே?"

"ராஜஸ்தான்."

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான். நல்லதுக்குத்தானே பார்த்தீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை. ஒன்பது மாதத்தில் முப்பத்தெட்டு நாற்பது ஞாயிற்றுக்கிழமை. கணக்குப் போடாமல் இருக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

அவருக்குக் கிடைத்தது ஆறே ஞாயிறு. படகை அந்த மீனவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். மீனவர் பாயைக் கழற்றிவிட்டுச் சின்ன மோட்டார் மாட்டிக்கொண்டார். சில வருஷம் அதில் நண்டு பிடித்தார். டிரெய்லர் குப்பத்து டிராக்டர் பின்னால் வந்து என்னிடம் தங்கியது. அதை மாட்டிக்கொண்டு வெளியே போகும் துணிச்சல் எனக்கு வரவே இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, அந்தச் சாலை அகலமாகி, சிறுசேரிக்குப் போகிற கம்பெனி வண்டிகள் பறக்க ஆரம்பித்த காலத்தில், இளம் சக ஊழியர் ஒருவர் ஜெனரேட்டர் டிரெய்லர் ஒன்றை இழுக்கத் தன் லைசென்ஸ் போதுமா என்று என்னைக் கேட்டார். அதற்குள் நீதிமன்றங்களே அதில் வேறு வேறாகத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பதாகப் படித்திருந்தேன். அத்தனையையும் விளக்க நாக்கு துடித்தது. "தெரியாதுப்பா" என்றேன். என் வேலைக் காலத்தில் நான் கொடுத்த மிகச் சிறந்த விளக்கம் அது என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால், ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார். சாவடி சம்பவத்துக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இருந்ததே தவிர சிரிப்பு இல்லை. கரை சின்னதாகத் தெரியும் தூரம் போனதும் பாயை இறக்கிப் படகை ஆடவிட்டார். நீர் பச்சையாக இருந்தது. நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது மாதத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் நீளமாகிக்கொண்டே போனது. நடுவில் ஒரு உட்பிரிவுகூட வந்தது. வாயைத் திறந்தபோது வாக்கியத்துக்குப் பதிலாகக் காலையில் சாப்பிட்ட இட்லி வந்தது.

அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். படகே ஆடும் அளவுக்கு, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை வாந்தி எடுக்கவும் நான் தயாராக இருந்தேன். கேட்காமலே அதுவும் வந்தது.